ஹார்ன் ஒயரைக் கடைசியில் மாட்டுங்கள்: மைக்செட்டுக்கு டிஎஸ்பி கட்டும் முறை

திருநெல்வேலி, தென்காசி பக்கம் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் செட் போடுகிறவன் நான். இப்போதெல்லாம் புதிதாக டிஎஸ்பி (மிக்ஸரின் சிக்னலைப் பேஸ், மிட், ஹார்ன் என்று பிரித்து ஆம்புகளுக்கு அனுப்பும் டிஜிட்டல் பெட்டி) வாங்கி ரேக்கில் ஏற்றிய தம்பிமார் போன் போட்டு, "அண்ணாச்சி, இதுல என்ன செட்டிங் வைக்கணும்?" என்று கேட்கிறார்கள். எண்களைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் என் ஆம்புக்கும் என் பாக்ஸுக்கும் பொருந்துகிற அதே எண் உங்கள் ஹார்னை (கீச்சுக் குரலை ஒலிக்கும் ஸ்பீக்கரை) எரித்துவிடும். அதனால் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, எதற்குப் பிறகு எதை மாட்டுவது என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பழைய டாப் பாக்ஸுக்குள் ஒரு கிராஸ்ஓவர் போர்டு இருந்தது. ஆம்பிலிருந்து என்ன வந்தாலும் அந்த போர்டில் இருக்கும் கெபாசிட்டரும் காயிலும் (கம்பிச்சுருளும்) பேஸைத் தடுத்து நிறுத்திவிட்டுத்தான் ஹார்னுக்கு அனுப்பும். டிஎஸ்பி வைத்து ஆக்டிவாக ஓட்டும்போது அந்த போர்டு கிடையாது. ஆம்பின் வாயும் ஹார்னுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்ரஷன் டிரைவரின் காயிலும் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒரு கேபிள் இடம் மாறினாலும், ஒரு பிரீசெட் (சேமித்து வைத்த செட்டிங்) தப்பாக ஏறினாலும், நடுவில் தடுக்க எதுவும் இல்லை. எரிந்த டயாபிரத்தை (டிரைவருக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய தகட்டை) கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டைட்டானியம் குமிழ் புதிதுபோலப் பளபளக்கும். அதன் விளிம்பில் சுற்றிய மெல்லிய காயில் மட்டும் கறுத்து, ஒரு இடத்தில் அறுந்திருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் வார்னிஷ் கருகிய வாடை வரும். அதைக் காக்கும் வேலையைத்தான் முதலில் டிஎஸ்பியிடம் கொடுக்க வேண்டும். சவுண்டை அழகாக்குவது அதற்கு அடுத்த வேலை.

கணக்கு புரிவதற்காக ஒரு செட்டை எடுத்துக்கொள்கிறேன். பக்கத்துக்கு 18 இன்ச் பேஸ் பாக்ஸ் இரண்டு, மேலே ஒரு டாப். டாப்புக்குள் 15 இன்ச் மிட் ஒன்று, 3 இன்ச் காயில் உள்ள கம்ப்ரஷன் டிரைவர் ஒன்று. ஸ்டீரியோ ஆம்ப் மூன்று: பேஸுக்கு ஒன்று, மிட்டுக்கு ஒன்று, ஹார்னுக்கு ஒன்று. டிஎஸ்பியில் இரண்டு இன்புட், ஆறு அவுட்புட். நம் பக்கம் பெரும்பாலான செட் இந்த அமைப்புதான்.

கரண்டிலிருந்து தொடங்குங்கள்

ஸ்பாட்டுக்குப் போனதும் பாக்ஸை இறக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். டெஸ்டர் விளக்கு எரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டெஸ்டருக்கு 150 வோல்டும் தெரியாது, 300 வோல்டும் தெரியாது. மூன்று அளவு பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். 80, 110 என்று அலைந்தால் அங்கே எர்த் இல்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்டுக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரல் முனைகளை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பந்தலுக்கு மூன்று ஃபேஸ் இழுத்திருந்தால் இது இன்னும் முக்கியம். நடுவில் எங்காவது நியூட்ரல் கழன்றால் லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 400ஐ நோக்கி ஏறும். சீரியல் லைட் ஒரு பக்கம் பளீரென்று எரிந்து இன்னொரு பக்கம் மங்குகிறது என்றால் அதுதான் அறிகுறி. அந்த நேரத்தில் ரேக்கில் மிக்ஸரும் டிஎஸ்பியும் இருந்தால் இரண்டின் பவர் சப்ளையும் போய்விடும். கூடினாலும் குறைந்தாலும் தானே கட் ஆகும் வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒன்றும், கரண்ட் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி ஒன்றும் ரேக்கின் தலைவாசலில் இருக்கட்டும். டிஎஸ்பியின் பின்னால் 115/230 என்று மாற்றும் ஸ்விட்ச் இருந்தால், முதல் தடவை பிளக் செய்யும் முன் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

மிக்ஸர், டிஎஸ்பி, ஆம்ப் மூன்றுக்கும் ஒரே ஃபேஸ், ஒரே எர்த். மேடைக்கு ஒரு இடத்திலும் மிக்ஸர் மேஜைக்கு வேறு இடத்திலும் கரண்ட் எடுத்தால் ஹம் (விடாமல் வரும் 'ம்ம்' இரைச்சல்) நிச்சயம். ஒரே போர்டிலிருந்து மேஜைக்கும் ஒயர் இழுத்துவிடுங்கள். ஒயர் காசைப் பார்க்காதீர்கள்.

ஹம் வந்ததும் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிற பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. சத்தம் நின்றுவிடுவது உண்மைதான். ஆனால் அன்றைக்கு ஒரு ஆம்பில் இன்சுலேஷன் விட்டால், கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் கேபிளின் ஷீல்டு வழியாக மிக்ஸருக்கு வந்து, அங்கிருந்து பாடுகிறவர் கையில் இருக்கும் மைக்கின் உடம்புக்குப் போகும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் வில்லுப்பாட்டுக்காரரோ, கரகம் ஆடுகிற பெண்ணோ அந்த மைக்கைத் தொடுகிறார். பவர் எர்த்தை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். ஹம்மைச் சிக்னல் கேபிளில்தான் தீர்க்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மிக்ஸருக்கும் டிஎஸ்பிக்கும் மட்டும் ஒரு சின்ன ஆன்லைன் யுபிஎஸ் வையுங்கள். ஆம்புக்கு வேண்டாம். கரண்ட் ஒரு நொடி கண்ணடித்தால் ஆம்ப் அதைத் தாங்கி ஓடிக்கொண்டிருக்கும். டிஎஸ்பியோ அணைந்து மறுபடி பூட் ஆகும். அப்போது அதன் அவுட்புட்டில் வரும் ஒரு 'டப்', ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பில் பெருகி நேராக ஹார்னுக்குப் போகிறது. யுபிஎஸ் இருந்தால் அந்த டப் வராது.

சிக்னல் ஒயரிங்

இந்தக் கட்டத்தில் பாக்ஸ் ஒயர் ஒன்றுகூட ஆம்பில் மாட்டியிருக்கக் கூடாது. ஆம்ப் மூன்றும் ஆஃப்.

மிக்ஸரின் மெயின் அவுட் இடதும் வலதும் கேனான் (மூன்று பின் எக்ஸ்எல்ஆர்) கேபிளில் டிஎஸ்பியின் இன்புட்டுக்கு வரட்டும். கேனானில் 1 ஷீல்டு, 2 ஹாட், 3 கோல்டு. கேபிளை நீங்களே சால்டர் செய்தால் ஒவ்வொன்றையும் மீட்டரில் பீப் வைத்துச் சரிபாருங்கள். 2ம் 3ம் மாறின ஒரே ஒரு கேபிள் போதும், ஒரு பக்கத்துப் பேஸ் எதிர்ப்பக்கத்தோடு மல்லுக்கட்டிக் காணாமல் போக. அதை ஈக்குவலைசரில் தேடி ராத்திரி முழுக்க அலைவீர்கள்.

டிஎஸ்பி அவுட்புட்டில் வரிசையை ஒருமுறை முடிவுசெய்தால் வாழ்நாள் முழுக்க மாற்றாதீர்கள். என்னுடையது 1, 2 பேஸ். 3, 4 மிட். 5, 6 ஹார்ன். கேபிளின் இரண்டு முனையிலும் நிற டேப் சுற்றியிருக்கிறேன்: பேஸ் கறுப்பு, மிட் மஞ்சள், ஹார்ன் சிவப்பு. ஆம்பின் இன்புட்டிலும், ஆம்பின் ஸ்பீக்கான் (திருகிப் பூட்டும் ஸ்பீக்கர் பிளக்) அவுட்டிலும், பாக்ஸின் பின்னாலும் அதே நிறம். இருட்டில் லோடு இறக்கும் பையனுக்கும் நிறம் தெரியும்.

நாலு பின் ஸ்பீக்கானில் ஒரு சிக்கல் இருக்கிறது. டாப்புக்குப் போகும் ஒரே கேபிளில் 1+ 1- மிட்டுக்கும், 2+ 2- ஹார்னுக்கும் என்பது பொதுவான முறை. ஆனால் எல்லா பாக்ஸ் கட்டுகிறவரும் அப்படித்தான் கட்டியிருப்பார் என்று நம்பாதீர்கள். பாக்ஸின் பின் தகட்டைத் திறந்து எந்தப் பின் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். பேஸ் பாக்ஸில் 2+ 2- பின்களைக் காலியாக விட்டுவிடுங்கள்.

ஹம் வழி: மிக்ஸருக்கும் டிஎஸ்பிக்கும் இடையே பவர் எர்த் வழியாகவும் ஷீல்டு வழியாகவும் இரண்டு பாதை இருப்பதால்தான் லூப் உண்டாகி 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கேட்கின்றன. பவர் எர்த் இருக்கட்டும். ஷீல்டை டிஎஸ்பி பக்க முனையில் மட்டும் வெட்டிய ஒரு குட்டி அடாப்டர் கேபிள் செய்துகொள்ளுங்கள். பின் 1ஐ இன்புட் முனையில் இணைக்காமல் விட்டால் போதும், பேலன்ஸ்டு சிக்னல் 2லும் 3லும் ஒழுங்காகப் போகும். அதில் வெள்ளை டேப் சுற்றி 'ஷீல்டு கட்' என்று எழுதி வையுங்கள். தவறிப்போய் மைக்குக்குப் போட்டால் கண்டென்சர் மைக்குக்கு ஃபாண்டம் பவர் (மிக்ஸர் மைக் கேபிள் வழியாகவே கொடுக்கும் கரண்ட்) போகாது. அதிலும் தீராவிட்டால் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். லேப்டாப்பில் பாட்டு போடும்போது மட்டும் 'கீ' என்று இரைச்சல் வந்தால் அது டிஎஸ்பியின் தவறு இல்லை, சார்ஜரிலிருந்து வருகிறது. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் இரண்டின் எர்த்தையும் பிரிக்கும் ஒரு டிஐ பாக்ஸ் வைத்தால் தீரும்.

கிராஸ்ஓவர்

டிஎஸ்பியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஆறு அவுட்புட்டையும் முதலில் ம்யூட் போடுங்கள். பிறகு ரூட்டிங்: இன்புட் ஏ இடது பக்கத்து மூன்றுக்கும், பி வலது பக்கத்து மூன்றுக்கும்.

பேஸுக்கு 32 ஹெர்ட்ஸ் முதல் 90 ஹெர்ட்ஸ் வரை. மிட்டுக்கு 90 முதல் 1200. ஹார்னுக்கு 1200க்கு மேல். இவை என் செட்டின் எண்கள். உங்கள் டிரைவரின் டேட்டா ஷீட்டில் 'குறைந்தபட்ச கிராஸ்ஓவர்' என்று என்ன போட்டிருக்கிறதோ அதற்குக் கீழே ஹார்னை ஒருபோதும் இறக்காதீர்கள். 1600 என்று போட்டிருந்தால் 1600தான்.

சரிவு (வெட்டிய இடத்துக்கு அப்பால் சத்தம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது) எல்லாவற்றுக்கும் லிங்க்விட்ஸ்-ரைலி 24 டிபி. ஹியூலெட் பேக்கர்டில் வேலை பார்த்த இரண்டு பொறியாளர்களின் பெயர் அது. லிங்க்விட்ஸின் கட்டுரை 1976ல் வந்தது. இதில் வெட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் 6 டிபி குறைந்து, ஒரே ஃபேஸில் (இரண்டு அலையும் ஒன்றாக ஏறி இறங்கும்படி) சேர்ந்து, கூட்டுத்தொகை சமமாக வரும். பட்டர்வொர்த் 24 போட்டால் இரண்டும் 3 டிபிதான் குறையும், சேரும் இடத்தில் ஒரு மேடு எழும். மிட்டுக்கு ஒரு வகை, ஹார்னுக்கு ஒரு வகை என்று கலந்து வைக்காதீர்கள்.

பேஸின் அடியில் 32 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) எதற்கு என்று கேட்பார்கள். போர்ட் (காற்றுத் துளை) உள்ள பாக்ஸில் அதன் ட்யூனிங் அலைவரிசைக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்த காற்று இல்லை. நமக்குக் கேட்கவே கேட்காத 20 ஹெர்ட்ஸில் கோன் முன்னும் பின்னும் தாறுமாறாக ஓடி, காயில் பின் பிளேட்டில் முட்டும். மைக் கீழே விழுந்தாலும், மேடையில் யாராவது குதித்தாலும் அந்த அதிர்வு வரும். இந்த ஒரு ஃபில்டர் வைக்காததால் ரீகோன் கடைக்கு வந்த 18 இன்ச்கள் நிறைய.

ஹார்னுக்கு டிஎஸ்பிக்கு வெளியேயும் ஒரு காவல் வையுங்கள். டிரைவரின் ப்ளஸ் ஒயரில் தொடராக ஒரு ஃபிலிம் கெபாசிட்டர், 250 வோல்ட், போலாரிட்டி (ப்ளஸ், மைனஸ்) இல்லாதது. 8 ஓம் டிரைவருக்கு 40 மைக்ரோஃபாரட் போட்டால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கும். உங்கள் 1200ஐ அதிகம் பாதிக்காது. ஆம்ப் கெட்டு டிசி வெளியே வந்தாலும், யாராவது பேஸ் கேபிளை ஹார்னில் செருகினாலும், காயில் தப்பிக்க வாய்ப்பு உண்டு. டயாபிரம் விலையோடு பார்த்தால் கெபாசிட்டர் விலை பெரிதே இல்லை. ட்யூனிங் எல்லாம் கெபாசிட்டர் மாட்டிய பிறகு செய்யுங்கள்.

லிமிட்டர்: எண்ணை நம்பாதீர்கள், வோல்டை நம்புங்கள்

குறித்த அளவுக்கு மேல் சிக்னலை ஏறவிடாமல் பிடிப்பதுதான் லிமிட்டர். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டிஎஸ்பியின் திரையில் லிமிட்டர் +6 என்று காட்டுகிறது. அது எந்த +6? சில கம்பெனிகள் டிபியூவில் (0.775 வோல்டை 0 என்று வைத்து எண்ணும் அளவில்) காட்டும், சில டிஜிட்டல் உச்சத்திலிருந்து கீழே எண்ணும். சில பீக்கைப் பிடிக்கும், சில ஆர்எம்எஸ்ஸை. ஆனால் ஆம்பின் வாயில் வரும் வோல்ட் எல்லோருக்கும் ஒன்றுதான். ஸ்பீக்கரை எரிப்பதும் அந்த வோல்ட்தான். அதைக் கணக்கிட்டு, மீட்டரில் பார்த்து, அந்த இடத்தில் லிமிட்டரை நிறுத்துங்கள்.

வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். டேட்டா ஷீட்டில் 'ஆர்எம்எஸ்' அல்லது 'ஏஇஎஸ்' என்று இருக்கும் வாட்டை (தொடர்ந்து தாங்கும் அளவு) எடுங்கள். 'புரோகிராம்', 'பீக்' என்ற பெரிய எண்களைத் தொடாதீர்கள். அந்த ஏஇஎஸ்ஸிலும் பாதியை மட்டும் எடுப்பது என் வழக்கம். மே மாதம் மூடிய பந்தலில் ஏழெட்டு மணி நேரம் ஓடப்போகிற காயில் அது.

18 இன்ச் 1000 வாட் என்றால் பாதி 500. 500 பெருக்கல் 8, 4000. வர்க்கமூலம் 63 வோல்ட். இரண்டு பாக்ஸ் பேரலலில் போனாலும் வோல்ட் அதேதான், ஆம்புக்குத்தான் 4 ஓம் ஆகிறது. மிட் 400 வாட், பாதி 200, 40 வோல்ட். ஹார்ன் 80 வாட், பாதி 40, சுமார் 18 வோல்ட். இந்த மூன்று எண்ணையும் காகிதத்தில் எழுதி ரேக் கதவில் ஒட்டுங்கள்: 63, 40, 18.

இனி ஆம்ப். வால்யூம் திருகு மூன்றிலும் முழுவதும் திறந்திருக்க வேண்டும். பாதியில் வைத்து லிமிட்டரை அளந்தால், அடுத்த ஊரில் யாராவது அதை முழுக்கத் திருகும்போது நீங்கள் வைத்த காவல் உடைந்துவிடும். சத்தம் அதிகமென்றால் டிஎஸ்பியின் அவுட்புட் கெயினில் குறையுங்கள், ஆம்பில் குறைக்காதீர்கள். ஆம்பின் பின்னால் 0.775 / 1.4 / 32 டிபி என்று சென்சிடிவிட்டி (எவ்வளவு சிக்னலுக்கு ஆம்ப் முழு பவர் தரும் என்பது) ஸ்விட்ச் இருந்தால் மூன்றையும் 32 டிபியில் வையுங்கள். 32 டிபி என்றால் உள்ளே வந்ததை ஏறக்குறைய 40 மடங்கு ஆக்கும். அப்போது பேஸுக்கு டிஎஸ்பியிலிருந்து வர வேண்டியது 1.58 வோல்ட், +6.2 டிபியூ, மிட்டுக்கு 1 வோல்ட், +2.2; ஹார்னுக்கு 0.45 வோல்ட், -4.7. லிமிட்டரைத் தொடக்கத்தில் இந்த இடங்களில் வைத்துவிட்டு அளக்கப் போகலாம்.

அளப்பது இப்படி. பாக்ஸ் ஒயர் ஆம்பில் இல்லை என்று மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒரு ஸ்பீக்கான் பிளக்கில் இரண்டு ஒயர் விட்டு மீட்டர் முனை மாட்டும் டெஸ்ட் கேபிள் செய்துகொள்ளுங்கள். மீட்டரை ஏசி வோல்ட், 200 ரேஞ்சில் வையுங்கள். இந்த முனைகளில் 60, 90 வோல்ட் வரும். அது ஷாக் அடிக்கும், கையால் தொடாதீர்கள். பல ஆம்பில் கறுப்பு முனையும் கிரவுண்டு இல்லை, அதை ரேக்கின் இரும்பில் படவிடாதீர்கள்.

மிக்ஸரிலிருந்து 60 ஹெர்ட்ஸ் சைன் டோன் விடுங்கள். டிஜிட்டல் மிக்ஸர் என்றால் உள்ளேயே ஆசிலேட்டர் இருக்கும், இல்லையென்றால் போனில் ஒரு டோன் ஆப் போதும். டிஎஸ்பியில் அவுட்புட் 1ஐ மட்டும் ம்யூட் எடுங்கள். பேஸ் ஆம்பை ஆன் செய்து, மிக்ஸரின் ஃபேடரை மெல்ல ஏற்றுங்கள். மீட்டரில் 20, 35, 50 என்று ஏறும். 58, 61, 63. இனி ஃபேடரை ஏற்றினாலும் மீட்டர் 63லேயே நிற்க வேண்டும், டிஎஸ்பியில் லிமிட் விளக்கு எரிய வேண்டும். 70க்குப் போனால் லிமிட்டரை இறக்குங்கள். 50லேயே நின்றால் கொஞ்சம் உயர்த்துங்கள். திரையில் என்ன எண் வந்தாலும் கவலைப்படாதீர்கள், 63 வந்துவிட்டால் அதுதான் சரியான செட்டிங். மிக்ஸரில் சிவப்பு விளக்கோ, டிஎஸ்பி இன்புட்டில் கிளிப் விளக்கோ அதற்கு முன்பே எரிந்தால், டிஎஸ்பியின் அவுட்புட் கெயினைக் கூட்டி அளப்பதைத் தொடருங்கள்.

மிட்டுக்கு 300 ஹெர்ட்ஸ் டோனில் 40 வோல்ட். ஹார்னுக்கு ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைக் குறைத்துக் காட்டும். 25 வோல்ட் வரும்போது 18 என்று பொய் சொன்னால் ஹார்ன் போய்விடும். ஆகவே மீட்டரை முதலில் சோதியுங்கள். மிக்ஸரின் மெயின் அவுட்டில் நேரடியாக 100 ஹெர்ட்ஸ் டோனை 1 வோல்ட் வரும்படி வைத்து, எதையும் தொடாமல் டோனை மட்டும் 3000 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அப்போதும் 1 காட்டினால் மீட்டர் நல்லது. 0.7 காட்டினால் உங்கள் மீட்டர் அந்த இடத்தில் உள்ளதில் 0.7 பங்கைத்தான் காட்டுகிறது; ஹார்னை அதே 3000 ஹெர்ட்ஸ் டோனில் அளக்கும்போது 18க்குப் பதில் 12.6 வந்ததும் நிறுத்துங்கள். ஹார்னின் ஹைபாஸை எடுத்துவிட்டுக் குறைந்த அலைவரிசையில் அளக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அளந்து முடித்தவர் ஃபில்டரைத் திரும்பப் போட மறந்தால் அடுத்த நிமிடமே டயாபிரம் போய்விடும்.

அட்டாக் நேரம் (லிமிட்டர் பிடிக்க எடுக்கும் நேரம்) பேஸுக்கு 16 மில்லி செகண்ட், மிட்டுக்கு 8, ஹார்னுக்கு அரை. ரிலீஸ் (பிடியை விட எடுக்கும் நேரம்) அதைப்போல 16 மடங்கு. பேஸுக்கு மிக வேகமான அட்டாக் வைத்தால் அலையையே நசுக்கி உறுமலாக்கிவிடும்; ஹார்னுக்கு மெதுவாக வைத்தால் லிமிட்டர் விழித்துக்கொள்ளும் முன் காயில் சூடேறிவிடும்.

முதல் சத்தம்

ஆம்ப் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். டிஎஸ்பியில் எல்லாம் ம்யூட். ஃபேடர் கீழே. இப்போது பேஸ் பாக்ஸை மட்டும் மாட்டி, பேஸ் ஆம்பை ஆன் செய்து, 60 ஹெர்ட்ஸ் டோனை மெல்ல விட்டு, ஒவ்வொரு பாக்ஸின் அருகே போய்க் கேளுங்கள். இடது சொன்னால் இடது வருகிறதா? அடுத்து மிட். மிட்டை மட்டும் திறந்து ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். பழைய ரேடியோ மாதிரி, பேஸும் இல்லாமல் 'ஸ்ஸ்' சத்தமும் இல்லாமல் வர வேண்டும்.

ஹார்ன் ஒயர் கடைசி. மாட்டும் முன் ஹார்ன் ஆம்பின் அவுட்டில் டெஸ்ட் கேபிளைச் செருகி, ஆம்பை ஆன் செய்து, டிஎஸ்பியில் 5, 6ஐ ம்யூட் எடுத்து, மிக்ஸரில் 60 ஹெர்ட்ஸ் டோனை நன்றாக ஏற்றிப் பாருங்கள். மீட்டர் அசையக் கூடாது. அசைந்தால் ஏதோ கேபிள் மாறியிருக்கிறது, அல்லது ஹைபாஸ் இல்லை. அசையாமல் நின்றால் ஆம்பை ஆஃப் செய்து, ஹார்னை மாட்டி, ஆன் செய்து, பிங்க் நாய்ஸை (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சலை) கேட்கும் கேளாத அளவில் விடுங்கள். 'ஷ்ஷ்' என்று மெல்லிய சத்தம் மட்டும் வர வேண்டும்.

டிலே, ஈக்குவலைசர்

30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும், மீட்டருக்கு 2.9 மில்லி செகண்ட். பேஸ் பாக்ஸ் மேடைக்கு முன்னாலும் டாப் ஸ்டாண்டில் ஒரு மீட்டர் பின்னாலும் இருந்தால், முன்னால் இருக்கும் பேஸுக்கு 2.9 மில்லி செகண்ட் டிலே கொடுப்பதில் தொடங்குங்கள். சரிபார்க்க எளிய வழி: ஒரு பக்கத்தை மட்டும் ஓட்டி, 90 ஹெர்ட்ஸ் டோன் விட்டு, நடுக்கூட்டத்தில் நின்று, பேஸின் போலாரிட்டியை டிஎஸ்பியில் திருப்புங்கள். டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் ஒரு இடத்தில் சத்தம் நன்றாக அமுங்கும். அந்த டிலேயை அப்படியே வைத்து, போலாரிட்டியைப் பழையபடி திருப்பினால் பேஸும் மிட்டும் கைகோத்து நெஞ்சில் வந்து இடிக்கும். மெஷர்மென்ட் மைக் இருந்தால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் கண்ணாலேயே பார்க்கலாம்.

கோயில் தெருவில் 30 மீட்டர் தள்ளி இன்னொரு பாக்ஸ் வைத்தால் அதற்கு 86 மில்லி செகண்ட், அதோடு ஒரு பத்து கூட்டுங்கள். அப்போது பின்னால் நிற்பவருக்கும் பூசாரி குரல் மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

ஈக்குவலைசரில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: குறைத்துச் சரிசெய்யுங்கள். ஒரு இடத்தில் 6 டிபி ஏற்றினால் அங்கே ஆம்ப் நாலு மடங்கு பவர் கொடுக்க வேண்டும். லிமிட்டர் உடனே பிடித்துக்கொள்ளும், மொத்தச் சத்தமும் மூச்சு முட்டும்.

பூட்டுங்கள்

பிரீசெட்டைப் பெயர் போட்டுச் சேமித்து, லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். கம்பெனி வைத்திருந்த மற்ற பிரீசெட்டுகளை அழித்துவிடுங்கள். முடியாவிட்டால் எல்லாவற்றிலும் உங்கள் பிரீசெட்டையே எழுதுங்கள். ஆம்ப் ஆனில் இருக்கும்போது பிரீசெட் மாற்றவே கூடாது. வேறு பிரீசெட்டில் அவுட்புட் 5 முழு ரேஞ்சாக இருக்கலாம்.

ஆன் செய்யும்போது மிக்ஸர், டிஎஸ்பி, அது பூட் ஆகி முடிந்ததும் ஆம்ப். ஆஃப் செய்யும்போது ஆம்ப்தான் முதலில். ஜெனரேட்டருக்கு மாற்றும்போதும் இதே வரிசை. ஜெனரேட்டர் தம்பியிடம் முன்பே சொல்லிவையுங்கள், "நான் கைகாட்டாம சேஞ்ச்ஓவர் போடாதய்யா" என்று.

விழாக் கமிட்டிக்காரர் வந்து "அண்ணாச்சி, சவுண்டு பத்தலை, கூட்டுங்க" என்பார். மிக்ஸரில் எவ்வளவு ஏற்றினாலும் 63, 40, 18க்கு மேல் போகாது என்பதால் நீங்கள் பதறாமல் பதில் சொல்லலாம். சத்தம் உண்மையாகவே போதவில்லை என்றால் பாக்ஸைக் கூட்ட வேண்டும், லிமிட்டரைத் தூக்கக் கூடாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது, அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி நடுவில் ஹார்ன் ஆம்ப் படுத்துவிட்டால் பக்கத்து ஊர்க்காரரிடம் வேறு ஆம்ப் வாங்கி மாட்டுவது வழக்கம். அந்த ஆம்பின் சென்சிடிவிட்டியை முதலில் பாருங்கள். 8 ஓமுக்கு 1000 வாட் தரும் ஆம்ப் 0.775ல் இருந்தால் அதன் பெருக்கம் 115 மடங்கு, ஏறக்குறைய 41 டிபி. உங்கள் 32 டிபிக்கு வைத்த லிமிட்டர் அப்படியே இருந்தால், 40 வாட்டில் நிற்க வேண்டிய ஹார்னுக்கு 330 வாட் போகும். 32 டிபி ஸ்விட்ச் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் டிஎஸ்பியில் ஹார்னின் அவுட்புட் கெயினையும் லிமிட்டரையும் இரண்டையுமே 9 டிபி இறக்குங்கள். பிறகு டெஸ்ட் கேபிளைச் செருகி மீட்டரில் 18 வருகிறதா என்று பார்த்துவிட்டு ஹார்ன் ஒயரை மாட்டுங்கள். அதுவரை ஹார்ன் இல்லாமல் மிட்டில் மட்டும் ஓடட்டும். மிட்டின் லோபாஸை (மேல் வெட்டை) 1200லிருந்து 4000க்கு ஏற்றிவிட்டால் பேச்சு தெளிவாகவே கேட்கும். ஹார்னைத் திறக்கும் முன் மிட்டை மறுபடி 1200க்கு இறக்கிவிடுங்கள்.